12 மெகாபிக்சலா, 21 மெகாபிக்சலா? – 2008-இன் இரண்டு கேமராக்கள்

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதுதான் கல்வெட்டுப் பக்கம் ஆர்வம் வந்திருக்கிறது.

"டேய், பழைய கேமரா விக்கிற கடைக்கு வந்திருக்கேன். ரெண்டு எடுத்து வெச்சிருக்கான். ஒண்ணு நிக்கான் டி700. இன்னொண்ணு கேனன் 5டி மார்க் 2. ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்றான். எதை வாங்கட்டும்?"

"எதுக்கு சித்தப்பா? கல்வெட்டுக்கா, இல்ல பேரன் பேத்தியைப் படம் எடுக்கவா?"

"ரெண்டுக்கும்தான். ஆனா ஒண்ணுல 12 மெகாபிக்சல்ங்கறான், இன்னொண்ணுல 21ங்கறான். 21தானே பெருசு?"

இதே கேள்வியோடு நானும் என் நண்பரும் பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறோம். அவரிடம் 5டி மார்க் 2, என்னிடம் டி700. அந்தச் சண்டையில் நான் ஒரு தப்பான முடிவுக்கு வந்து, அதை ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதையும் சேர்த்து எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008-க்கு முன்னால்

ஃபிலிம் காலத்தில் எஸ்.எல்.ஆர். கேமரா என்றால் படச்சட்டம் 36×24 மி.மீ. அது எல்லோருக்கும் பொது. டிஜிட்டல் வந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. அந்த அளவுக்குச் சென்சார் செய்வது மிகவும் செலவு. காரணம் எளிமையானது. சிலிக்கான் தகட்டில் அங்கங்கே குறை இருக்கும். சில்லு பெரிதாகப் பெரிதாக, தகட்டில் கிடைக்கும் எண்ணிக்கையும் குறைகிறது, ஒவ்வொரு சில்லிலும் ஒரு குறை வந்து விழும் வாய்ப்பும் கூடுகிறது. 8 அங்குலத் தகட்டில் சிறிய ஏ.பி.எஸ்.-சி சென்சார் சுமார் 200 எடுக்கலாம், முழுச்சட்ட சென்சார் 20தான் தேறும் என்று கேனனே ஒரு விளக்கக் குறிப்பில் கணக்குச் சொன்னது.

அதனால் 1999-இல் நிக்கான் டி1 வந்தபோது அதன் சென்சார் ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது, 2.7 மெகாபிக்சல். செய்தித்தாள் புகைப்படக்காரர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கேனன் 2002-இல் 1டிஎஸ் என்று 11 மெகாபிக்சல் முழுச்சட்ட கேமராவைக் கொண்டுவந்தது. விலை 7,999 டாலர். 2005-இல் முதல் 5டி, 12.8 மெகாபிக்சல், 3,299 டாலர். முழுச்சட்டம் என்பது ஸ்டுடியோக்காரர்களைத் தாண்டி மற்றவர்கள் கைக்கும் எட்டியது அப்போதுதான்.

நிக்கான் அதுவரை சிறிய சென்சாரையே பிடித்துக்கொண்டிருந்தது. 8 வருடம். ஒருவழியாக 2007 ஆகஸ்டில் டி3 வந்தது. முழுச்சட்டம்தான், ஆனால் 12.1 மெகாபிக்சல் மட்டுமே. அதே மாதத்தில் கேனன் அறிவித்த 1டிஎஸ் மார்க் 3-இல் 21.1 மெகாபிக்சல். எண்ணிக்கையில் நிக்கான் தோற்றுவிட்டது போலத் தோன்றும். ஆனால் டி3 வேறு இடத்தில் ஜெயித்தது. இருட்டில் ஐ.எஸ்.ஓ. 6400 வரை ஏற்றினாலும் அச்சிடத்தக்க படம் வந்தது. விளையாட்டரங்கில் நிற்பவர்களுக்கு வேண்டியது அதுதான்.

2008: இரண்டு கம்பெனி, இரண்டு கத்தரிக்கோல்

2008 ஜூலை 1 அன்று நிக்கான் டி700-ஐ அறிவித்தது. 2,999 டாலர். செப்டம்பர் 17 அன்று கேனன் 5டி மார்க் 2-ஐ அறிவித்தது. 2,699 டாலர்.

இரண்டு கம்பெனிகளும் செய்தது ஒரே வேலைதான். தலைமை கேமராவை எடுத்து, கொஞ்சம் வெட்டி, விலையைக் குறைத்து விற்பது. ஆனால் எதை வெட்டினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நிக்கான், டி3-இன் 12 மெகாபிக்சல் சென்சாரை அப்படியே கொடுத்தது. 51 புள்ளி ஆட்டோஃபோகஸையும் கொடுத்தது. நொடிக்கு 5 படம். கீழே பேட்டரி கிரிப் மாட்டி, அதில் பெரிய பேட்டரியும் போட்டால் 8 படம். அதாவது வேகத்தையும் குறிபார்க்கும் திறனையும் வெட்டவில்லை. கூடுதல் பிக்சல் வேண்டும் என்றால்? அதற்கு டிசம்பரில் டி3எக்ஸ் என்று தனியாக ஒன்று வந்தது, 24.5 மெகாபிக்சல், 7,999 டாலர்.

கேனன் நேர் எதிர். 8,000 டாலர் கேமராவில் இருந்த 21.1 மெகாபிக்சலைக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்தது. ஆனால் ஃபோகஸ் பகுதி பழைய 5டியில் இருந்த அதே 9 புள்ளி, கண்ணுக்குத் தெரியாத 6 துணைப் புள்ளி. நடுப்புள்ளி நன்றாக வேலை செய்யும், ஓரத்துப் புள்ளிகளை மங்கலான வெளிச்சத்தில் நம்ப முடியாது. வேகம் நொடிக்கு 3.9 படம். வேகம் வேண்டுமென்றால் மேலே போய் 1டி வரிசை வாங்கு என்பது கேனன் கணக்கு.

என் பார்வையில், ஒருவர் பிக்சலை மேல்தட்டில் பூட்டிவைத்தார், இன்னொருவர் ஃபோகஸைப் பூட்டிவைத்தார். இரண்டும் வியாபார முடிவுகள். நாம் அதை "நிக்கான் தத்துவம்", "கேனன் தத்துவம்" என்று பெரிய வார்த்தை போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

லென்ஸ் என்கிற பழைய உறவு

இன்னொரு வித்தியாசம் 2008-ஐவிடப் பழையது. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது. பல மாற்றங்கள் நடந்தாலும் அடிப்படை வடிவத்தை அவர்கள் கைவிடவில்லை. 1977-க்குப் பிறகு வந்த ஏ.ஐ. வகைக் கைஃபோகஸ் லென்ஸை டி700-இல் மாட்டினால் ஒளி அளவீடும் வேலை செய்யும். பாடியிலேயே மோட்டார் இருப்பதால் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களும் ஓடும்.

கேனன் 1987-இல் பழைய எஃப்.டி. மவுண்டை மொத்தமாகக் கைகழுவியது. புதிய இ.எஃப். மவுண்டில் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே எந்த நெம்புகோலும் கிடையாது, எல்லாம் மின்தொடர்புதான். எஃப்.டி. லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அன்று வயிற்றெரிச்சல். ஆனால் இருபது வருடம் கழித்து அந்த முடிவு லாபமாகத்தான் முடிந்தது. மென்பொருள்காரனாகச் சொன்னால், ஒருவர் பழைய ஏ.பி.ஐ.யை உடைக்காமல் இழுத்துக்கொண்டே வந்தார், இன்னொருவர் ஒரே அடியாக உடைத்துவிட்டுப் புதிதாக எழுதினார். இரண்டுக்கும் விலை உண்டு. யார் கொடுக்கிறார், எப்போது கொடுக்கிறார் என்பதுதான் வேறு.

யாரும் எதிர்பார்க்காத வீடியோ

டி700-இல் வீடியோ கிடையாது. 5டி மார்க் 2-இல் 1920×1080 வீடியோ இருந்தது. வீடியோ எடுக்கும் முதல் டி.எஸ்.எல்.ஆர். என்ற பெயர் 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நிக்கான் டி90-க்குத்தான். ஆனால் அது 720 வரிதான். முழுச்சட்டத்தில், முழு ஹெச்.டி.யில் முதலில் வந்தது கேனன்.

வின்சென்ட் லஃபோரே என்ற புகைப்படக்காரர் அறிமுகத்துக்கு முந்தைய கேமராவை வாங்கி, ஒரு வார இறுதியில் 'ரெவரி' என்று ஒரு குறும்படம் எடுத்து இணையத்தில் விட்டார். பின்னணி மங்கி ஆள் மட்டும் தெளிவாக நிற்கும் அந்த சினிமாத் தோற்றத்துக்கு, அதுவரை பெரிய கேமராவும் பெரிய பணமும் வேண்டியிருந்தது. 2009 ஜூனில் வீடியோவில் கைமுறை எக்ஸ்போஷர் வந்தது. சினிமாக்காரர்களுக்கு வேண்டிய 24 ஃபிரேம் 2010-இல் ஃபர்ம்வேர் வழியாக வந்தது. அதே 2010 மே மாதம் ஒளிபரப்பான 'ஹவுஸ்' அமெரிக்கத் தொடரின் ஆறாம் சீசன் கடைசி அத்தியாயத்தை இந்தக் கேமராவில்தான் எடுத்தார்கள். இதற்கு நடுவில் 2009 ஜனவரியில் ஒபாமாவின் அதிகாரபூர்வப் படத்தையும் பீட் சூசா இதில்தான் எடுத்தார். அமெரிக்க அதிபரின் அதிகாரபூர்வப் படம் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது அதுவே முதல்முறை.

புகைப்பட வரலாற்றில் இடம் என்று பார்த்தால் 5டி மார்க் 2-க்குத்தான் பெரிய நாற்காலி. இதில் எனக்குத் தகராறு இல்லை.

எங்கள் கதை

நானும் நண்பரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துக் கோயில்களுக்குப் போவோம். அவர் சிற்பம், நான் கல்வெட்டு. திருவிழா என்றால் இருவரும் சேர்ந்தே போவோம்.

திருவிழாவில் நான் ஜெயித்துவிடுவேன். இரவில் சாமி புறப்பாடு, தீவட்டி வெளிச்சம், தோளில் ஆடி ஆடி வரும் பல்லக்கு. டி700 ஓரத்துப் புள்ளியிலும் கவ்விப் பிடிக்கும். நண்பர் நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்து, பிறகு சட்டத்தைத் திருப்பி வைப்பதற்குள் பல்லக்கு இரண்டடி நகர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் படத்தில் சாமி மங்கல், பின்னால் நிற்கும் ஐஸ் வண்டி பளிச்.

பகலில் சிற்பம் எடுத்தால் அவர் ஜெயிப்பார். பெரிதாக்கிப் பார்த்தால் ஆபரணத்தின் ஒவ்வொரு மணியும் எண்ணலாம். நான் வாயைத் திறக்க முடியாது.

2011-இல் ஒரு சிறிய கோயிலுக்குத் தனியாகப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். கருவறையின் வடக்குச் சுவரில் கல்வெட்டு. மத்தியானம் 12 மணி, வெயில், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். தள்ளி நின்று சுவர் முழுக்க மூன்றே படத்தில் அடக்கி எடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மறுபடி நிதானமாக வரலாம் என்ற எண்ணம்தான்.

மூன்று வருடம் கழித்துப் போனபோது திருப்பணி முடிந்து குடமுழுக்கும் ஆகியிருந்தது. சுவர் புதுக்கருங்கல் போலப் பளபள. மணல்வீச்சில் சுத்தம் செய்திருக்கிறார்கள். எழுத்து இருந்த இடத்தைக் கையால் தடவினால் லேசான பள்ளம் மட்டும் விரலுக்குத் தெரிகிறது, படிக்க முடியாது. ஊர்க்காரர் ஒருவர், "எவ்வளவு அழகா ஆக்கிட்டோம் பாத்தீங்களா சார்" என்றார். அவர் சந்தோஷத்தில் தப்பொன்றும் இல்லை. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நான் தேடிய வரையில் அந்தக் கல்வெட்டு எந்தத் தொகுப்பிலும் இல்லை. என் மூன்று படங்கள்தான் மிச்சம். நொந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி என்பது தெரிகிறது. கொடுத்தவர் ஒரு பெண் என்பதும் தெரிகிறது. அவர் பெயரும் ஊரும் வரும் இடத்தில் எழுத்து சாம்பல் நிறத்தில் கரைந்து கிடக்கிறது. எத்தனை தடவை பெரிதாக்கினாலும் அங்கே சதுரம் சதுரமாகப் பிக்சல்தான் வருகிறது.

அன்று நான் முடிவு கட்டினேன்: "21 மெகாபிக்சல் கேமராவாக இருந்திருந்தால் அந்த அம்மாவின் பெயர் கிடைத்திருக்கும்." நிக்கான் வாங்கியதுதான் குற்றம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

கணக்குப் போட்டால்

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

டி700 படத்தின் அகலம் 4256 பிக்சல். 5டி மார்க் 2-இல் 5616. 21-ஐ 12-ஆல் வகுத்தால் முக்கால் பங்கு கூடுதல் போலத் தெரிகிறது. ஆனால் எழுத்தைப் படிக்க உதவுவது பரப்பு அல்ல, நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்பதுதான். 5616-ஐ 4256-ஆல் வகுத்தால் 1.32. வித்தியாசம் 32 சதவீதம், அவ்வளவுதான்.

2 மீட்டர் அகலச் சுவரை ஒரே படத்தில் எடுத்தால் டி700 மில்லிமீட்டருக்கு 2.1 பிக்சல், கேனன் 2.8 பிக்சல். எழுத்தின் கோடு 3 மி.மீ. அகலம் என்று வைத்தால் முறையே 6, 8 பிக்சல். அதே டி700-ஐ வைத்துப் பாதித் தூரத்துக்கு நகர்ந்து 1 மீட்டர் மட்டும் எடுத்தால்? 12-க்கு மேல். இரண்டு எட்டு முன்னால் வைப்பது கேனன் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும், செலவும் இல்லை. கேனனில் ஒரு வரிசைக்கு 4 படம் எடுத்தால் நிக்கானில் 6 எடுக்க வேண்டும். நஷ்டம் அந்த இரண்டு படம் மட்டும்தான்.

பிக்சல் பெரிது என்பதால் டி700 இருட்டில் பல மடங்கு மேல் என்று நாங்கள் பேசியதும் பாதி உண்மைதான். இரண்டு சென்சாரின் மொத்தப் பரப்பும் ஒன்று, மொத்தமாக விழும் ஒளியும் ஒன்று. கேனன் படத்தை 12 மெகாபிக்சலுக்குச் சுருக்கி அருகருகே வைத்தால் இரைச்சலில் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். திருவிழாவில் நான் ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் ஃபோகஸ், பிக்சல் அளவு இல்லை. நிழலை ரொம்பவும் தூக்கினால் கேனனில் கோடு கோடாக வரும் என்பது மட்டும் நிஜமான குறை.

ஆனால் என் கல்வெட்டுப் படத்தைக் கெடுத்தது இது எதுவுமே இல்லை. வெளிச்சம்தான் கெடுத்தது.

கல்லில் எழுத்தும் கல்லும் ஒரே நிறம். எழுத்து நம் கண்ணுக்குத் தெரிவது அதன் பள்ளத்தில் விழும் நிழலால்தான். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து கல்வெட்டாய்வாளர்கள் மைப்படி எடுத்ததும் இந்தச் சிக்கலைத் தாண்டத்தான். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மேல் பரப்பில் மட்டும் மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். கேமராவில் அதே வேலையைச் செய்ய வேண்டுமென்றால் ஒளி சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வர வேண்டும். நான் எடுத்ததோ வடக்குச் சுவர், உச்சிவேளை. சுவரில் நேரடி வெயிலே இல்லை, எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி பரவிய ஒளி. நிழல் இல்லாத இடத்தில் 21 என்ன, 100 மெகாபிக்சல் வைத்தாலும் இல்லாத நிழலைப் பதிவு செய்ய முடியாது.

இதைச் சோதித்துப் பார்க்க நண்பரையும் கூட்டிக்கொண்டு வேறொரு கோயிலுக்குப் போனேன். தெளிவாகப் பதிப்பிக்கப்பட்ட கல்வெட்டு, எனவே விடை கையில் இருக்கிறது. அவர் 5டி மார்க் 2-ஐ ஸ்டாண்டில் வைத்து நேராக எடுத்தார். நான் டி700-ஐ வைத்து, கழற்றிய ஃபிளாஷை இடப்பக்கம் சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு பையனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்தேன். வீட்டில் இரண்டையும் திறந்தோம். என் 12 மெகாபிக்சல் படத்தில் ஒரு எழுத்தில் மட்டும் சண்டை வந்தது. அவர் 21 மெகாபிக்சல் படத்தில் பாதி வரி யூகம்தான். பிறகு அதே பக்க ஒளியில் அவர் கேமராவிலும் எடுத்தோம். அது இரண்டையும்விட நன்றாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி முன்னேற்றம் கொஞ்சம்தான்.

இதில் எனக்கு உறுத்தியது வேறு. டி700-இல் மேலே சின்ன ஃபிளாஷ் ஒன்று உண்டு, 5டி மார்க் 2-இல் அது கிடையாது. நிக்கானின் அந்தச் சின்ன ஃபிளாஷ், தூரத்தில் வைத்த இன்னொரு ஃபிளாஷை ஒயர் இல்லாமல் இயக்கும். கேனன்காரர் அதற்குத் தனியாக ஒரு கருவி வாங்க வேண்டும். அதாவது அந்தக் கல்வெட்டுக்கு வேண்டிய கருவி 2011-இலேயே என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிளாஷும் பையில் இருந்தது. மேனுவலில் அந்தப் பக்கத்தை நான் புரட்டவே இல்லை. வேலை பார்க்கும் இடத்தில் ஜூனியர்களிடம் "முதல்ல டாக்குமென்டேஷனைப் படிங்கப்பா" என்று சொல்கிறவன் நான்.

பின்கதை

2012-இல் ஒரு வேடிக்கை நடந்தது. பிப்ரவரியில் நிக்கான் டி800-ஐ அறிவித்தது: 36.3 மெகாபிக்சல், நொடிக்கு 4 படம். மார்ச்சில் கேனன் 5டி மார்க் 3-ஐ அறிவித்தது: 22.3 மெகாபிக்சல், 61 புள்ளி ஃபோகஸ், நொடிக்கு 6 படம். இரண்டு கட்சியும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன! "பிக்சல் முக்கியமில்லை" என்று நான்கு வருடம் வாதாடிய நிக்கான் ரசிகர்கள் ஒரே இரவில் பிக்சல் பக்தர்களானார்கள். கேனன் ரசிகர்கள் ஃபோகஸின் மகிமையைப் பேச ஆரம்பித்தார்கள். தத்துவம் என்று நாம் நினைத்தது கம்பெனிகளின் விலைப்பட்டியல்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

2018-இல் இரண்டு கம்பெனிகளும் கண்ணாடி இல்லாத முழுச்சட்ட கேமராக்களுக்கும் புது மவுண்டுகளுக்கும் நகர்ந்தன. 59 வருட எஃப் மவுண்டும், 31 வருட இ.எஃப். மவுண்டும் ஒரே வருடத்தில் பழையதாயின. உடைக்காமல் காத்தவரும் கடைசியில் உடைக்கத்தான் வேண்டியிருந்தது.

சித்தப்பாவுக்குச் சொன்னது

மறுநாள் போன் செய்து சொன்னேன்.

"சித்தப்பா, நீங்க கல்வெட்டுக்கு மட்டும்னா கேனன் வாங்குங்க. ஸ்டாண்ட்ல வெச்சு, பின்திரையில 10 மடங்கு பெருசாக்கி, கையால ஃபோகஸ் பண்ணலாம். அங்க 9 புள்ளியா 51 புள்ளியாங்கற பேச்சே இல்ல. கனமும் குறைவு, 810 கிராம். நிக்கான் கிட்டத்தட்ட ஒரு கிலோ. வீடியோவும் கிடைக்கும். ஆனா ஓடுற பேரனையும் எடுக்கணும்னா நிக்கான்தான். கல்வெட்டுல ரெண்டு படம் கூட எடுத்துக்கலாம், ஓடுற புள்ளைய மறுபடி ஓடவைக்க முடியாது."

இரண்டிலும் ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது, எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். கார்டு செருகும் துளைக்குள் டார்ச் அடித்து ஊசிகள் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். இரண்டுமே பழைய காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுதான் போடும். நிக்கானில் கைப்பிடி ரப்பர் உப்பியிருக்கும், அது பெரிய விஷயமில்லை.

"எது வாங்கினாலும் கூட ஒரு நல்ல டார்ச்சோ ஃபிளாஷோ வாங்குங்க. பக்கவாட்டுல அடிங்க. நாளைக்கு வரலாம்னு மட்டும் எந்தச் சுவரையும் விட்டுட்டு வராதீங்க."

அவர் நிக்கான் வாங்கினார். பேரன் ஜெயித்துவிட்டான்.

என் மூன்று படங்களை இப்போதும் மாதம் ஒரு முறை திறந்து பார்க்கிறேன். கான்ட்ராஸ்டை ஏற்றி, இறக்கி, வண்ணத்தடங்களைப் பிரித்து எல்லாம் பார்த்தாயிற்று. போன வாரம் ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து 'ந' போலத் தெரிந்தது. 'த' ஆகவும் இருக்கலாம். விளக்குக்கு ஆடு கொடுத்த அந்த அம்மாவின் பெயர் இன்னும் வரவில்லை.